உதவித்தொகை இல்லாமல் 17 பட்டங்கள்: மெசாயா கல்லூரிக் கால்பந்து

2008 சீசன் முடிவில் அமெரிக்காவின் மெசாயா கல்லூரியின் ஆண்கள் கால்பந்து அணி தேசியப் பட்டம் வென்றது. ஒன்பது சீசன்களில் அது ஆறாவது பட்டம். ஆறுக்கும் பயிற்சியாளர் ஒருவரே: டேவ் பிராண்ட். அதே கல்லூரியில் படித்து, அதே அணிக்கு ஆடி, 1997-இல் பொறுப்புக்கு வந்தவர். அடுத்த சீசன் தொடங்கும்போது அவர் அங்கே இல்லை. அமெரிக்கக் கடற்படை அகாடமியின் அணியைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

நான் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஒரு சின்னக் கல்லூரி திரும்பத் திரும்ப ஜெயிக்கிறது என்றால், அது ஒரு மனிதரின் கைராசியா, அந்த இடமே பழகிக்கொண்ட ஒரு வித்தையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அந்த மனிதர் கிளம்பிய பிறகுதான் பிரித்துப் பார்க்க முடியும். மெசாயாவில் 2009-இல் அப்படி ஒரு வாய்ப்பு அமைந்தது.

இடமும் கல்லூரியும்

பென்சில்வேனியா மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கிலிருந்து கொஞ்ச தூரம் போனால் மெக்கானிக்ஸ்பர்க், அதை ஒட்டி கிராந்தம் என்ற சிற்றூர். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே யெல்லோ பிரீச்சஸ் என்ற ஓடை ஓடுகிறது. அதன் மேல் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று நிற்கிறது. கல்லூரி 1909-இல் ஹாரிஸ்பர்க்கில் ஒரு வேதாகமப் பள்ளியாகத் தொடங்கி, 1911-இல் கிராந்தத்துக்கு வந்தது. தொடங்கியவர்கள் ‘பிரதரன் இன் கிறைஸ்ட்’ என்ற சபையினர். போரில் கலந்துகொள்ள மறுத்த அனாபாப்டிஸ்ட் மரபில் வந்தவர்கள் இவர்கள். பெயரும் தமிழ் வேதாகமத்தில் ‘மேசியா’ என்று நாம் படிக்கும் அதே பெயர்தான். 2020-இல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. இங்கே பேசும் காலத்தில் பெரும்பகுதி அது கல்லூரியாக இருந்ததால் அப்படியே குறிப்பிடுகிறேன்.

மாணவர் எண்ணிக்கை மூவாயிரத்தைச் சுற்றி. கலை, அறிவியல், மொழி, இறையியல் எல்லாவற்றையும் கலந்து படிக்கவைக்கும் கல்வி. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சின்ன தாராளக் கலைக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரைப் பக்கத்து மாநிலத்துக்காரரே கேள்விப்பட்டிருக்க மாட்டார். கால்பந்து ஆடும் குடும்பங்களுக்கு மட்டும் மெசாயா என்றால் உடனே தெரியும்.

டிவிஷன் 3 என்றால்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு மூன்று பிரிவுகளாக இயங்குகிறது. தொலைக்காட்சியில் வருவதெல்லாம் முதல் பிரிவு. மெசாயா ஆடும் மூன்றாவது பிரிவு, அதாவது டிவிஷன் 3, 1973-இல் வந்தது. சுமார் 440 கல்லூரிகள் இருப்பதால் எண்ணிக்கையில் இதுதான் பெரியது. இதன் அடிப்படை விதி ஒன்றே: ஒருவர் நன்றாக ஆடுகிறார் என்பதற்காகக் கல்விக் கட்டணத்தில் ஒரு டாலர்கூடக் குறைக்கக் கூடாது. மதிப்பெண்ணுக்காக உதவி தரலாம், குடும்பத்தின் வருமானம் குறைவு என்று தரலாம். விளையாட்டு வீரர்களுக்குப் போகும் உதவி மற்ற மாணவர்களுக்குப் போவதிலிருந்து விலகித் தெரிகிறதா என்று என்.சி.ஏ.ஏ. கணக்குக் கேட்டுச் சரிபார்க்கவும் செய்கிறது.

முதல் பிரிவிலும் ஆண்கள் கால்பந்துக்குப் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. 2025 வரை பல ஆண்டுகளாக ஓர் அணிக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப் என்பதே உச்சவரம்பாக இருந்தது. அதைத்தான் இருபது முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இருந்தாலும் பாதி ஸ்காலர்ஷிப்புக்கும் ஒன்றுமே இல்லாததற்கும் நடுவே ஒரு பதினெட்டு வயதுப் பையனின் வீட்டில் நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். ‘அங்கே போனால் பாதிக் கட்டணம், இங்கே போனால் ஒன்றும் கிடையாது, எதற்கு இங்கே?’ என்று அப்பா கேட்பார். டிவிஷன் 3 பயிற்சியாளர் ஒவ்வொரு ஆண்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இந்தப் பிரிவில் ஆண்கள் அணி நடத்தும் கல்லூரிகள் 400-க்கு மேல். எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோருக்கும் ஒரே கோப்பை. அப்படிப்பட்ட களத்தில் மெசாயா ஆண்கள் அணி வென்ற ஆண்டுகள்: 2000, 2002, 2004, 2005, 2006, 2008, 2009, 2010, 2012, 2013, 2017. மொத்தம் 11. பெண்கள் அணி: 2005, 2008, 2009, 2011, 2012, 2019. மொத்தம் 6.

ஆண்கள் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். 2000 முதல் 2013 வரை 14 சீசன்கள், 10 பட்டங்கள். விட்டுப்போனவை 2001, 2003, 2007, 2011. அதாவது இரண்டு ஆண்டுகள் சேர்ந்தாற்போல் ஒருமுறைகூட வெறுங்கையோடு போகவில்லை. ஒரு மாணவன் நான்கு ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவான். 14 ஆண்டுகளில் அணியின் மொத்த ஆட்களும் மூன்று தடவைக்கு மேல் மாறியிருக்கிறார்கள். 2000-இல் கோப்பையைத் தூக்கியவர்களில் ஒருவர்கூட 2005 அணியில் இருந்திருக்க முடியாது. ஒரு திறமையான தலைமுறை வந்தது, ஜெயித்தது என்ற விளக்கம் இதனால் அடிபட்டுப் போகிறது. ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததற்கு ஏதோ ஒன்று கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

அமெரிக்கன் ஃபுட்பால் இல்லாத கல்லூரி

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை எளிதில் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இலையுதிர்காலச் சனிக்கிழமை என்றால் ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்தான். பழைய மாணவர்கள் திரும்பி வரும் நாளும் அந்த மேட்சை ஒட்டியே அமையும். நம் கால்பந்து அங்கே ஓரத்து மைதானத்தில், பெற்றோர் நாற்பது பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டமாக ஒதுங்கிக் கிடக்கும்.

மெசாயாவில் அமெரிக்கன் ஃபுட்பால் அணியே கிடையாது. செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளில் மேடை முழுக்கக் கால்பந்துக்கு. முன்னாள் மாணவர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து உட்கார்ந்து பார்ப்பது கால்பந்தைத்தான். புதிதாக அணியில் சேர்ந்த ஒருவன் நிரம்பிய கேலரியின் முன்னால் ஆடுகிறான். அதைப் பள்ளி இறுதி ஆண்டு மாணவன் ஒருவன் வேலியோரம் நின்று பார்க்கிறான். ‘எதற்கு இங்கே?’ என்று அப்பா கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது.

பக்கத்திலேயே ஒரு பகையாளியும் அமைந்தது நல்லதாகப் போயிற்று. எலிசபெத்டவுன் கல்லூரி. அதுவும் சின்னது, அதுவும் ஒரு சபையின் கையால் 1899-இல் எழுந்தது, 1989-இல் ஆண்கள் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது. அப்போது மெசாயாவிடம் ஒரு பட்டம்கூட இல்லை. இந்த இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்துக்கு ‘மார்ஷ்மெல்லோ பவுல்’ என்று பெயர். பஞ்சு மாதிரி வெள்ளையாக, அமுக்கினால் அமுங்கும் அந்த மிட்டாயைப் பார்வையாளர்கள் வீசி எறிவார்கள். கல்லெறிந்தால் காயம், மிட்டாய் எறிந்தால் சிரிப்பு. மேலே பட்டாலும் வலிக்காது. ஆனால் பச்சைப் புல்லில் அவை வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் காட்சி ஒன்றைச் சொல்லிவிடும்: பார்க்க வந்தவர்களுக்கு இந்த ஆட்டம் பொருட்டாக இருக்கிறது.

கல்லூரி ஆட்டத்தில் இன்னொரு சுவை, கடிகாரம். உலகம் முழுக்க நேரம் 0-விலிருந்து 45-க்கு ஏறும், நடுவர் கையில் ரகசியமாகக் கூடுதல் நிமிடங்கள் இருக்கும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மைதானத்துப் பலகையில் 45-லிருந்து கீழே இறங்கும். பத்து, ஒன்பது, எட்டு என்று கேலரி சேர்ந்து எண்ணும். பூஜ்யம் வந்தால் ஆட்டம் முடிந்தது. மாற்று ஆட்டக்காரர்களையும் தாராளமாக இறக்கலாம், வெளியே போனவர் விதிப்படி திரும்பவும் உள்ளே வரலாம். சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் இதன் விளைவு பெரிது. பதினோரு பேர் மட்டும் நன்றாக ஆடினால் போதாது, பதினெட்டாவது ஆளும் அதே வேகத்தில், அதே புரிதலோடு ஆட வேண்டும்.

அந்தப் பதினெட்டாவது ஆள்

ஒரு முதலாண்டு மாணவனை எடுத்துக்கொள்வோம். தன் பள்ளியில் அவன்தான் கேப்டன், ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆகஸ்ட் நடுவில், வகுப்புகள் தொடங்குமுன், காலி ஹாஸ்டலில் பெட்டியை இறக்குகிறான். களத்துக்குப் போனால் சுமார் முப்பது பேர். எல்லோரும் அவரவர் ஊர் கேப்டன்கள். முதல் சீசனில் அவனுக்கு ஆடக் கிடைப்பது சில நிமிடங்கள், சில மேட்சுகளில் அதுவும் இல்லை. காலையில் வகுப்பு, மாலையில் பயிற்சி, புதன், சனியில் மேட்ச், பஸ்ஸில் திரும்பும்போது மடியில் புத்தகம். டிசம்பர் முதல் வாரம் வரை இப்படி.

அவனை அங்கே கட்டி வைப்பது எது? ஸ்காலர்ஷிப் போய்விடுமே என்ற பயம் இல்லை, ஏனென்றால் ஸ்காலர்ஷிப்பே இல்லை. அவன் நாளைக்கே அணியை விட்டு விலகினாலும் கட்டணம் ஒரு பைசா ஏறாது. பெரிய கல்லூரியில் பயிற்சியாளர் கையில் இருக்கும் பிடி இங்கே இல்லவே இல்லை.

இதைப் பலவீனம் என்று சொல்வது வழக்கம். மெசாயாவைப் பார்த்த பிறகு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பணம் கட்டி வைக்காத இடத்தில் கடைசிவரை நிற்பவன், நிற்க ஆசைப்பட்டு நிற்கிறான். நாலாம் ஆண்டு சீனியராகும்போது, முதலாண்டில் தனக்கு யார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள், யார் பயிற்சி முடிந்தும் கூட நின்று பந்தைத் தட்டிக் கொடுத்தார்கள் என்பது அவனுக்கு நினைவிருக்கும். அதையே அடுத்தவனுக்குச் செய்கிறான். பயிற்சியாளர் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் அவர்களோடு இருக்கிறார். மீதி நேரம் முழுவதும் ஹாஸ்டலில், சாப்பாட்டு மேசையில், சீனியர்கள்தான் பயிற்சியாளர்கள். நல்ல குருகுலத்தில் குருவைவிட மூத்த சீடர்கள் அதிகம் சொல்லிக் கொடுப்பார்கள் என்பது நமக்குப் புதிதல்ல.

மதத்தையும் இங்கே மறைக்காமல் பேச வேண்டும். மெசாயா வெளிப்படையான கிறிஸ்தவக் கல்லூரி. அந்தச் சூழலை விரும்பாத நல்ல ஆட்டக்காரர் பலர் ஆரம்பத்திலேயே விலகிவிடுவார்கள், அது இழப்புதான். ஆனால் அந்தச் சூழலைத் தேடும் குடும்பங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. அவர்களுக்கு முன்னால் இருக்கும் தேர்வு நூற்றுக்கணக்கான கல்லூரிகள் அல்ல, ஒரு கைப்பிடி. இல்லினாயின் வீட்டன், மிச்சிகனின் கால்வின் போன்றவை. 2006 ஆண்கள் இறுதிப்போட்டியில் மெசாயா வீழ்த்தியது வீட்டனை, 2009-இல் கால்வினை. பெண்கள் பிரிவில் 2004 முதல் 2009 வரை ஆறு பட்டங்களையும் வீட்டனும் மெசாயாவும் மூன்று மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஸ்காலர்ஷிப்பைக் காட்டி இழுக்க முடியாத பிரிவில், ‘நான் எப்படிப்பட்ட இடத்தில் வாழ விரும்புகிறேன்’ என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் கல்லூரிக்கு ஒரு பலம் சேர்கிறது.

2009

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். பிராண்ட் போனார். கல்லூரி என்ன செய்தது? நாடு முழுக்கப் பெயர் தேடி அலையவில்லை. அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்த பிராட் மெக்கார்ட்டியிடம் அணியைக் கொடுத்தது.

இந்த முடிவின் கனத்தை யோசித்துப் பாருங்கள். புதிதாக வருபவர் பொதுவாக எதையாவது மாற்றிக் காட்டவே விரும்புவார். மாற்றாவிட்டால் ‘அவர் போட்ட சோற்றைத்தான் இவர் பரிமாறுகிறார்’ என்பார்கள். மாற்றித் தோற்றால் ‘நன்றாக ஓடிய வண்டியைக் கெடுத்துவிட்டார்’ என்பார்கள். களத்தில் இருந்த பையன்கள் எல்லோரும் பிராண்ட் தேர்ந்தெடுத்தவர்கள்.

2009-இல் மெசாயா பட்டம் வென்றது. இதற்கு எளிய பதில் உண்டு: அது பிராண்ட் சேர்த்துவைத்த அணி, யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருக்கும். சரி, ஏற்றுக்கொள்வோம். 2010-இலும் வென்றது. அதற்கும் அதே பதிலைச் சொல்லலாம். 2012-க்கு அந்தப் பதில் பாதிதான் பொருந்தும். 2013-க்குப் பொருந்தவே பொருந்தாது. பிராண்டிடம் ஆடியவர்கள் யாரும் அப்போது வழக்கமான நான்கு ஆண்டுக் கணக்கில் இருந்திருக்க முடியாது. அவர் போய் ஐந்தாவது சீசன் அது. 2017-இல் இன்னொன்று. மெக்கார்ட்டியின் கணக்கில் ஐந்து பட்டங்கள்.

என் முடிவு இங்கே உறுதியானது. பிராண்ட் அபாரமான பயிற்சியாளர். ஆனால் அவர் செய்ததில் பெரியது அந்த ஆறு பட்டங்களைவிட, தான் இல்லாமலே ஜெயிக்கக்கூடிய ஓர் இடத்தை விட்டுச்சென்றது. அவருக்கு முன்னாலும் அப்படித்தான். 1974 முதல் 1996 வரை லேட்டன் ஷூமேக்கர் பயிற்சியாளர். பிராண்ட் அவரிடம் ஆடியவர். ஷூமேக்கர் காலத்தில் தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இன்று அணி ஆடும் மைதானத்தின் பெயர் ஷூமேக்கர் ஃபீல்ட். பட்டம் வாங்காதவர் பெயரில் மைதானம் வைத்திருப்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். விதைத்தவர் யார் என்று அந்தக் கல்லூரிக்குத் தெரிந்திருக்கிறது. 1974-லிருந்து 2017 பட்டம் வரை 44 சீசன்கள், மூன்றே பயிற்சியாளர்கள்.

பெண்கள் அணி

2000-இல் ஸ்காட் ஃப்ரே பெண்கள் அணிக்குப் பொறுப்பேற்றார். ஆறு பட்டங்களும் அவர் காலத்தவை. 2005-இல் ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் என்.சி.ஏ.ஏ. கல்லூரி என்ற பெயரை மெசாயா பெற்றது. அப்புறம் 2008, 2009, 2012 என்று மேலும் மூன்று முறை அதைச் செய்தது.

மெசாயாவைப் பற்றிப் பேசும்போது ஆண்கள் அணியே முன்னால் வந்து நிற்கிறது, இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனால் ‘ஒரு மனிதரின் கைராசியா’ என்ற கேள்விக்கு வலுவான மறுப்பு பெண்கள் அணியில் இருக்கிறது. வேறு பயிற்சியாளர், வேறு ஆட்டக்காரர்கள், அதே வளாகம், அதே ஹாஸ்டல், அதே விதி. முடிவும் கிட்டத்தட்ட அதே. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை நன்றாகப் படித்தால் பிள்ளையைப் பாராட்டலாம். இரண்டும் நன்றாகப் படித்தால் வீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு என்ன ஆனது

2013-க்குப் பிறகு ஆண்கள் பிரிவில் காற்று மாறியது. 2014, 2016, 2018, 2019 டஃப்ட்ஸ். 2015, 2024 ஆம்ஹர்ஸ்ட். 2021 கனெக்டிகட் கல்லூரி. மூன்றும் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் ஒரே லீக்கைச் சேர்ந்தவை. அவற்றில் ஆம்ஹர்ஸ்ட் மெசாயாவைவிடச் சின்ன கல்லூரி. ஆனால் அதன் அறக்கட்டளை நிதி 300 கோடி டாலருக்கு மேல். மாணவரைச் சேர்க்கும்போது குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை. சேர்ந்த பிறகு தேவையான உதவியைக் கடனாக இல்லாமல் மானியமாகவே தருகிறது. ஸ்காலர்ஷிப் விதி அங்கேயும் அதேதான், யாரும் விதியை மீறவில்லை. ஆனால் நடுத்தரக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு ஆம்ஹர்ஸ்டில் வரும் பில் மெசாயாவில் வருவதைவிடக் குறைவாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. பணத்தை வாசலில் நிறுத்திவிட்டோம் என்று டிவிஷன் 3 சொல்கிறது. பணம் நூலகம் வழியாகவும் உதவி அலுவலகம் வழியாகவும் உள்ளே வருகிறது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு கிடைப்பது நல்லதுதான். ஆனால் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது மனதைப் பிசைகிறது. அமெரிக்காவின் சின்னக் கல்லூரிகள் பல, மாணவர் சேர்க்கை குறைந்து தடுமாறுகின்றன. அவை விளையாட்டு அணிகளை மாணவர் சேர்க்கும் வழியாகவும் பார்க்கின்றன. கணக்கு எளிது: ஓர் ஆண்கள் அணி, ஒரு பெண்கள் அணி, தலா முப்பது பேர் என்றால் கட்டணம் கட்டும் அறுபது மாணவர்கள். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் அது ஆறு சதவீதம். பட்டம் வென்றால் இன்னும் வருவார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கும். அதே பென்சில்வேனியாவில், ஃபிலடெல்ஃபியாவை ஒட்டி கப்ரினி என்ற சின்ன கத்தோலிக்கக் கல்லூரி இருந்தது. 2019-இல் ஆண்கள் லக்ராஸில் (வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் ஆட்டம்) டிவிஷன் 3 தேசியப் பட்டம் வென்றது. 2024-இல் மூடப்பட்டது. ஐந்தே ஆண்டுகள். கோப்பையைத் தூக்கிய மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்ச் சில காலம்தான் ஆகியிருக்கும், திரும்பி வந்து உட்கார அவர்களுக்கு ஒரு கேலரி இல்லை. மெசாயாவின் கதையைப் பார்த்து ‘நாமும் ஓர் அணி தொடங்கினால் பிழைத்துக்கொள்வோம்’ என்று கணக்குப் போடும் எந்தக் கல்லூரியும் கப்ரினியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஷூமேக்கர் வந்தது 1974-இல், முதல் பட்டம் வந்தது 2000-இல். இருபத்தாறு ஆண்டுகள் காத்திருக்கக் கையில் நேரம் இருந்த கல்லூரி அது.

டேவ் பிராண்ட் கடற்படை அகாடமியில் சில ஆண்டுகள் இருந்தார், அப்புறம் பிட்ஸ்பர்க் ரிவர்ஹவுண்ட்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். 2018-இல் மிச்சிகனின் ஹோப் கல்லூரியில் ஆண்கள் அணிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சின்னக் கல்லூரி, சபை ஒன்றின் மரபில் வந்தது, டிவிஷன் 3. விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது.